சிவப்பு வளையம்

பஞ்சை நனைத்து, பிழிந்து, இன்னொரு முறையும் பிழிந்துவிட்டு மாமனாரின் உதட்டில் ஒற்றினாள் மருமகள். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்று நர்ஸ் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள். பஞ்சு பட்டதும் அவர் வாய் அதைக் கவ்வப் பார்த்தது. கைக்குழந்தை பால் தேடுவது போல என்று சொல்லலாம். ஆனால் எந்தக் குழந்தையின் வாயும் இப்படி வெந்திருக்காது. உதடுகள் வீங்கி வெளுத்து, ஓரங்களில் தோல் சுருண்டு நின்றது. நாக்கு பல்லைத் தாண்டி வரவே இல்லை.

கட்டிலை ஒட்டிய சிறு மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அவளுக்காகக் கணவன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. இன்னும் மூடி திறக்கவில்லை. மாமனாரின் கண் அதன் மேலேயே இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவர். பாட்டில் என்று தெரிந்து பார்க்கிறாரா, அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் என்பதால் பார்க்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க மாமா."

எதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்பது அந்த வார்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உணவுக்குழாய் ஓட்டையாகி, நெஞ்சுக்குள் சீழ் பரவிவிட்டது, இந்த வயதில் இந்த உடம்பைத் திறந்து தைக்க முடியாது என்று டாக்டரம்மா முந்தின நாள் மாலையே சொல்லிவிட்டார். இரண்டு நாள் என்றார். கொஞ்சம் யோசித்து, இரண்டு நாளுக்கு மேல் இல்லை என்று திருத்திச் சொன்னார்.

கணவன் வெளியே வராந்தாவில் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். நான்கு நாளாக அவன் உள்ளே வந்தால் அப்பாவின் கால்மாட்டில் நிற்பான். முகத்தருகே போக மாட்டான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவன் நினைப்பது தப்பு என்பதும் தெரியும். அந்தத் தப்பை ஒரே ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம். அந்த வாக்கியம் நான்கு நாளாக அவள் வாயில்தான் இருக்கிறது. அதற்கான அத்தாட்சி, அவளுடைய கைப்பையின் உள் அறையில், தைலப் புட்டிக்கும் சாவிக்கொத்துக்கும் அடியில் இருக்கிறது.

மாமனார் முப்பத்தொரு வருடம் ஒரு சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரிவில் வேலை பார்த்தவர். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களுக்குள் என்னென்னவோ கிடக்கும். சிகரெட் துண்டு, எறும்பு, ஒரு தடவை செத்த பல்லி. எல்லாவற்றையும் காஸ்டிக் தண்ணீர் கரைத்து எடுத்துவிடும். பார்க்க நல்ல தண்ணீர் மாதிரியே இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காஸ்டிக் ஊற்றிய பாத்திரம் எதுவானாலும் அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியிருக்க வேண்டும். வளையம் இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் குடி. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே சட்டம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு டப்பா நிறைய அந்த வளையங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மகன் தவழ்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மண்ணெண்ணெய், ஃபினாயில், எலி மருந்து எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்பு வளையம். அவள் மருமகளாக வந்த மறுநாள், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய் வளையம் போட்ட பாட்டில்களைத்தான் காட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போனால், சமையலறைத் தொட்டி அடைப்புக்கு என்று ஒரு பாட்டில் காஸ்டிக் வாங்கி வருவார். குடிதண்ணீர் விற்கிற பாட்டிலில்தான்.

"வேற எதுலயாவது வாங்கிட்டு வரக் கூடாதா மாமா? பார்த்தாலே பயமா இருக்கு."

"பாட்டில் எதுவா இருந்தா என்னம்மா. வளையம் இருக்குல்ல."

புரை விழுந்த பிறகு அந்த வளையம் அவருக்கே தேவைப்பட்டது. எந்தப் பாட்டிலை எடுத்தாலும் கட்டை விரலால் கழுத்தை ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன மாமா, பாட்டிலுக்குக் கழுத்து வலியா?"

"உன் மிஷின் சத்தத்துல எனக்குத்தான் கழுத்து வலி, டெய்லரம்மா. அதுக்கும் கொஞ்சம் இருக்கும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனார். காஸ்டிக் ஆவியை முப்பத்தொரு வருடம் மூச்சில் வாங்கிய மூக்கு; கேஸ் கசிகிற வாடை அதற்குத் தெரியவில்லை. தைத்துக் கொடுத்த துணிகளைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தாள் அவள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போன கணவன்தான் முதலில் திரும்பினான். வாசலிலேயே வாடை அடித்திருக்கிறது. அவள் தெருமுனையில் வரும்போதே அவன் கத்துவது கேட்டது.

"எல்லாரையும் சேர்த்துக் கொளுத்திட்டுத்தான் போவீங்களா? இப்படி இருந்து என்னத்தைச் சாதிக்கப் போறீங்க? போய்ச் சேர வேண்டியதுதானே!"

கோபத்தில் வாய்க்கு வருவது. எந்த வீட்டில் யார் சொல்லவில்லை? பத்து நிமிடத்தில் அவனே தேநீர் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தான். அவரும் வாங்கிக் குடித்தார். ஆனால் நடுவில், அவன் கத்தி முடித்ததும், அவர் ஒரு பதில் சொன்னார். "சரிப்பா."

செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டி அடைத்துக்கொண்டது. அவள் மேடைக்குக் கீழே வாளிக்குப் பின்னாலிருந்து காஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது. வளையம் மேலேறி மூடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு, துணி வைத்துத் திருகினால் வழுக்கியது. வளையத்தை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். தைக்கிறவள், நாடா, எலாஸ்டிக், ஊசி குத்தும் பஞ்சு எது என்றாலும் மணிக்கட்டில் மாட்டித்தான் பழக்கம். மூடி திறந்தது. ஊற்றினாள். ஐந்து நிமிடத்தில் தொட்டி களக் களக் என்று இரண்டு தடவை முழுங்கிவிட்டுத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. அவளுக்குக் கைதட்டலாம் போல இருந்தது. அப்போது வாசலில் ஒருவர், கால்சட்டை விளிம்பு மடித்துத் தைக்கக் கொடுத்தவர், அவசரம் என்று கூப்பிட்டார். பாட்டிலை மூடி மேடையில் வைத்துவிட்டுப் போனாள். குடிதண்ணீர் பாட்டில்கள் நிற்கும் வரிசையின் ஓரத்தில் வைத்தாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகு மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு அவர் நடந்துவிட்டு வந்தார். நல்ல வெயில். "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனது காதில் விழுந்தது. கட்டை விரல் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது.

பாட்டில் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது. ஓடிப் போனபோது இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வாயை மூட முடியாமல் எச்சில் வழிய நின்றிருந்தார். அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார், போன் போட்டதும் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். வந்தவள் இரண்டு டம்ளர் உப்புக் கரைசலை அவர் வாயில் ஊற்றி, முதுகில் தட்டித் தட்டி வாந்தி எடுக்க வைத்தாள். வாந்தியில் ரத்தம் நூல் நூலாக வந்தது. "வந்துடுச்சு, எல்லாம் வெளிய வந்துடுச்சு" என்று அழுதுகொண்டே சொன்னாள் நாத்தனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

"வாந்தி எடுக்க வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் நாத்தனார் உடனே. ஒரு நொடி தயங்கவில்லை. "நான்தான் டாக்டர். தப்பா?"

டாக்டரம்மா சின்ன வயது. தூக்கம் இல்லாத முகம். கோபப்படவும் தெம்பில்லாதவர் போலச் சொன்னார். "எடுக்க வைக்கக் கூடாதும்மா. போகும்போது ஒரு தடவை வெந்தது, திரும்ப வரும்போது இன்னொரு தடவை வெந்திருக்கும். வாயைக் கழுவிவிட்டுட்டு நேரா கூட்டிட்டு வந்திருக்கணும்."

நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். மருமகள் அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்படி எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொள்ள முடிகிற அவள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

கணவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்து சேர்ந்தான். அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டான்.

"பாட்டில்ல வளையம் இல்லையா?"

"இல்ல" என்றாள்.

உண்மைதான். வளையம் பாட்டிலில் இல்லை. அது அவளுடைய உடுப்பின் முழுக்கைக்குள், மணிக்கட்டில் இருந்தது. மீதியை அவர் பிழைத்து எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். அவன் என்ன புரிந்துகொண்டான் என்பது அவளுக்குச் சாயங்காலம்தான் புரிந்தது.

டாக்டரம்மா சாயங்காலம் ஒரு குழாயில் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு வந்து, தாளில் படம் வரைந்து விளக்கினார். "ஆசிட்னா பட்ட இடம் பொசுங்கிப் பொருக்கு தட்டும். அந்தப் பொருக்கே கொஞ்சம் தடுக்கும். இது அப்படி நிக்காது. சதையைக் கரைச்சு, சோப்பு மாதிரி ஆக்கிக்கிட்டு உள்ள உள்ள போகும். அவர் வேலையில என்ன பண்ணிச்சோ அதையேதான் இங்கயும் பண்ணுது. சில இடம் கறுத்திருக்கு. கறுத்த இடம் தாங்குமான்னு மூணு நாள் போனாத்தான் தெரியும். அதுவரைக்கும் வாய் வழியா எதுவுமே கிடையாது."

"தண்ணி?" என்று கேட்டான் கணவன்.

"அதுவும்தான்."

புதன்கிழமை அவர் கொஞ்சம் தெளிந்தார். அது அந்த நோயின் குணம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தலையணையைத் தூக்கி வைத்ததும் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை, கையசைத்தார், தலையாட்டினார். ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து, என்னையும் கொஞ்சம் தைத்துவிடு என்பது போல மருமகளுக்குச் சைகை காட்டினார். நாத்தனார் முகத்தில் சிரிப்பு வந்தது. கணவன் கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். ஏதோ கேட்கத்தான் பிடித்தார். விரல்கள் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு நகர்ந்தன. கட்டை விரல் நின்றது. உடுப்பின் கைக்கு மேலாகவே அந்த வளையத்தை ஒரு சுற்றுத் தடவினார். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு மறுபடியும் தடவினார்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. அவர் கண் அவள் முகத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அதில் என்ன தெரிந்ததோ. கொஞ்ச நேரம் கழித்து அந்த வளையத்தை மெதுவாக மேலே, முழங்கைப் பக்கம், வெளியே தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டார். உடுப்பின் கையை இழுத்துச் சரிசெய்தார். புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அரை மணி நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். இந்த மாதிரிக் கேஸ் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தகவல் சொல்லித்தான் ஆக வேண்டுமாம். நல்ல மாதிரியான ஆள். கட்டிலில் குனிந்து கேட்டார்.

"பெரியவரே, தெரிஞ்சு குடிச்சீங்களா, தெரியாம குடிச்சீங்களா? யாராவது குடுத்தாங்களா? பயப்படாம எழுதுங்க."

பேனாவைக் கையில் பிடித்துவிட்டார்கள். ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏற, ஏறுக்கு மாறாக எழுதினார். "என் தவறு. யாரும் காரணம் இல்லை."

போலீஸ்காரருக்கு அது போதும். கவனக்குறைவு என்று ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். கணவனுக்குத்தான் அது போதவில்லை. வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"யாரும் காரணம் இல்லைன்னு எழுதறது யாரு தெரியுமா? எப்ப எழுதறாங்க தெரியுமா? என்னைக் காப்பாத்தறாராம்."

"அப்படி எல்லாம் இருக்காது."

"முப்பத்தொரு வருஷம் அந்தத் தண்ணியோட கிடந்த மனுஷன். அவருக்கா தெரியாது? வளையம் போடாம ஒரு பாட்டில் அவர் கையால வச்சது கிடையாது. அவரேதான் கழட்டியிருக்கார். முந்தின நாள் நான் என்ன சொன்னேன்? அதுக்கு அவர் என்ன சொன்னார்? சரிப்பான்னார். அந்தச் சரிப்பாவை நான் காதுலயே வாங்கல."

அப்போது அவள் வாயைத் திறந்தாள். திறந்தாள் என்பது நிச்சயம். "ஏங்க" என்றுகூடச் சொன்னாள். ஆனால் அவன் சுவரில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அழுகிறவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு காரணம் கிடைத்தது. அடுத்து நாத்தனார் வந்துவிட்டாள், அது இன்னொரு காரணம். காரணங்களுக்கு என்ன, வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அன்று சாயங்காலம் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு வளையத்தைக் கழற்றிக் கைப்பையின் உள் அறையில் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் அடித்தது. கழுத்துத் தோலைத் தொட்டால் உள்ளே காற்று நொறுநொறு என்றது. கறுத்த இடம் தாங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

இன்று வெள்ளிக்கிழமை. வெயில் ஏற ஏற அவருடைய மூச்சு குட்டை குட்டையாக ஆகிக்கொண்டு வந்தது. அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் காதருகில் குனிந்தாள்.

"மாமா. நான் அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

அவர் தலையை ஆட்டினால் ஒரு வழி, ஆட்டாவிட்டால் ஒரு வழி என்று நினைத்துத்தான் கேட்டாள். இந்த நிலையிலும் அவர் தலையில் அதைக் கட்டப் பார்க்கிறோமே என்று கேட்ட பிறகு தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் எதுவும் செய்யவில்லை. அவர் கண் மேசையைத் தேடிக்கொண்டிருந்தது, பாட்டில் இருந்த இடத்தை. வாய் திறந்து மூடியது. அவருக்கு அந்த நேரத்தில் யார் தப்பும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு மூச்சு நின்றது. நர்ஸ் வந்தாள், டாக்டரம்மா வந்தார், கணவன் வந்து கால்மாட்டில் நின்றான். நாத்தனார் அப்பா அப்பா என்று அவர் மேல் விழுந்தாள். கணவனை நாலு பேர் வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கூட்டம் விலகிய இடைவெளியில் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். கட்டை விரலால் அதன் கழுத்தை ஒரு சுற்றுத் தடவினாள். மூடியைத் திறந்து, மூடி நிறையத் தண்ணீர் எடுத்து, அவர் வாயில் விட்டாள். அது உள்ளே போகவில்லை. கன்னத்து வழியாக வழிந்து தலையணையில் ஊறியது. நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு மூடி விட்டாள்.

பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து சனிக்கிழமை காலைதான் உடலைக் கொடுத்தார்கள். பத்து மணிக்குத் தகனம் முடிந்துவிட்டது. சோடாக் கம்பெனியின் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர், அவரைவிட மூத்தவர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

"எங்க செக்ஷன்ல வளையம் போடலைன்னா மேஸ்திரியைக்கூட வாய்க்கு வந்தபடி ஏசிடுவான். அவனா இப்படி?"

கூடவே வந்தவர் அவர் கையை அழுத்தினார். பேச்சு நின்றது. அக்கம்பக்கத்தவர்களும் அதே மாதிரிதான் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன மனக்கஷ்டமோ, வயசானவங்க மனசு யாருக்குத் தெரியும். கணவன் காதில் எல்லாம் விழுந்தது. அவன் யாரையும் மறுத்துப் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு நாத்தனார் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னைக்கு அப்பாவை என்னடா சொன்ன?"

அவன் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல், அன்று கத்திய அதே வரிசையில், மெதுவாகச் சொன்னான்.

நாத்தனார் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் வாந்தி எடுக்க வச்சேன்" என்றாள். "நீ அதைச் சொன்ன. ரெண்டு பிள்ளையைப் பெத்தார். நல்லாத்தான் பெத்தார்."

மருமகள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் அவன் சமையலறையில் மண்டியிட்டு எதையோ தேடினான். வாளியை நகர்த்தினான், மேடைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான், குப்பைக் கூடையைக் கவிழ்த்தான். அப்பாவின் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தான்.

"என்ன தேடறீங்க?"

"அந்த வளையம். கழட்டி எங்கதான் போட்டார்னு தெரியல. எங்கயாவது இருக்கணும்ல?"

"டப்பாவுல நிறைய இருக்கே."

"அது இல்ல. அந்தப் பாட்டில்ல இருந்தது வேணும்."

அவளும் அவனோடு மண்டியிட்டுத் தேடினாள். அதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் தேடினாள். அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கூடக் காட்டினாள்.

அவன் இரண்டு நாளாக எதையும் முழுதாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் தொடவில்லை. குழாயில் கையேந்திக் குடித்தான். அவன் அப்படிக் குனிந்து குடிக்கும்போது பின்கழுத்து அப்படியே மாமனாருடையது போல இருந்தது. இவன் இனி இந்த வீட்டில் எப்படி நடமாடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேஸ் அடுப்பைப் பார்ப்பான், "சரிப்பா" கேட்கும். பாட்டிலைப் பார்ப்பான், கேட்கும். அவன் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். தான் வாயைத் திறந்தால் அது நின்றுவிடும். நின்ற இடத்தில் என்ன ஆரம்பிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தரையில் பரப்பி வைத்து ஒழுங்கு செய்தான். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, டாக்டரம்மா படம் வரைந்து காட்டிய தாள், அப்பா எழுதிய இரண்டு வரியின் நகல். மறுநாள் இறப்புச் சான்றிதழுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நகலை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டினான். சுருட்டிய கட்டு கையில் நிற்காமல் விரிந்தது.

"இதுக்குப் போட ஏதாவது இருந்தா குடேன்."

அவள் தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நாடா இருந்தது. எலாஸ்டிக் இருந்தது. ரப்பர் பேண்ட் ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு ரப்பர் பேண்டை எடுக்கவும் எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை இழுப்பறையிலேயே போட்டு மூடிவிட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கைப்பையை இறக்கினாள். சாவிக்கொத்தையும் தைலப் புட்டியையும் வெளியே எடுத்து மிஷின் மேல் வைத்தாள்.

அவன் காகிதத்தைப் பார்த்தபடியே கை நீட்டினான். அவள் கொடுத்தாள். வாங்கி, விரித்து, சுருட்டிய கட்டின் கழுத்தில் மாட்டினான். சரியாக இறுகி உட்கார்ந்தது. எந்தப் பக்கமும் நழுவுகிறதா என்று கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான்.

விரல் பாதியில் நின்றது.

நிமிராமலே கேட்டான்.

"இது எங்க இருந்தது?"

"என் கையில" என்றாள் அவள்.

சமையலறையில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் எங்கேயும் தேங்காமல் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.